ஊசியைத் தவிர்க்கிறவங்களுக்கு யார் டாக்டர்? டைப் 1 சர்க்கரையும் சாப்பாட்டுச் சிக்கலும்

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.

திருச்சி காட்டூர்ல இருந்து பேசுறேன். பின்னாடி தஞ்சாவூர் ரோடு ஹாரன் சத்தம் கேட்டா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, ஜன்னலை மூடியும் உள்ள வருது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன எச்சரிக்கை. இன்னைக்கு சாப்பாடு, உடம்பு எடை, இன்சுலினைத் தவிர்க்கிறது இதையெல்லாம் பத்திப் பேசப் போறோம். இப்போ உங்களுக்கு இது கேக்குற மனநிலை இல்லன்னா, தாராளமா நிறுத்திட்டு வேற எபிசோடுக்குப் போங்க. எடைக் கணக்கு, டோஸ் கணக்கு எதையும் நான் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, நான் டாக்டர் கிடையாது. சாஃப்ட்வேர் இன்ஜினியர். படிச்சதையும், விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டதையும், ஒரு ஃப்ரெண்டு சொன்னதையும் சேர்த்து சொல்றேன். உங்க மருந்துல எதையும் இதை வச்சு மாத்தாதீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல்ல டைப் 1-னா என்ன

"சுகர்"னு சொன்னா நம்ம வீட்ல எல்லாருக்கும் தாத்தா ஞாபகம்தான் வரும். சர்க்கரை இல்லாத காபி, காலைல வாக்கிங், மாத்திரை டப்பா. அது பெரும்பாலும் டைப் 2. டைப் 1 வேற. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களைத் தாக்கி அழிச்சிடும். ஸ்வீட் நிறைய சாப்பிட்டதால வர்றதில்ல. அம்மா வளர்த்த விதத்தாலயும் வர்றதில்ல. சின்னப் பசங்களுக்கு, டீன் ஏஜ்ல இருக்கிறவங்களுக்கு திடீர்னு வரும். அதுக்கப்புறம் வெளிய இருந்து இன்சுலின் போட்டாதான் உயிரோட இருக்க முடியும்.

சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 2021-ல வெளியிட்ட கணக்குப்படி, 20 வயசுக்குக் கீழ டைப் 1 இருக்கிறவங்க உலகத்துலயே அதிகமா இருக்கிறது இந்தியாவுலதான். சுமார் 2 லட்சத்து 29 ஆயிரம் பேர். அப்போ உங்க ஸ்கூல்ல, உங்க ஆபீஸ் ஃப்ளோர்ல ஒருத்தர் இருந்திருக்க வாய்ப்பு இருக்கு. பாத்ரூம்ல போய் ஊசி போட்டுட்டு வந்திருப்பாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

1922-க்கு முன்னாடி இதுக்கு மருந்தே கிடையாது. அமெரிக்காவுல ஃபிரடெரிக் ஆலன்னு ஒரு டாக்டர் பட்டினி போட்டே சிகிச்சை பண்ணினார். சாப்பாட்டை ரொம்பக் குறைச்சா இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கலாம், அவ்ளோதான். 1922 ஜனவரி 11-ஆம் தேதி டொரண்டோவுல லியனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்கு முதல் தடவையா இன்சுலின் போட்டாங்க. அது சரியா வேலை செய்யல. சுத்திகரிச்சு 23-ஆம் தேதி மறுபடி போட்டாங்க, வேலை செஞ்சது. எலும்பும் தோலுமா இருந்த குழந்தைங்க சில வாரத்துல சதை போட்டு எழுந்து உட்கார்ந்தாங்க.

அந்த "சதை போட்டு"ங்கிறதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னைக்குப் பேசப் போற பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

சாப்பாட்டைக் கணக்கு போடுறதே மருந்தா இருந்தா

டைப் 1 கண்டுபிடிக்கிற நேரத்துல குழந்தை ரொம்ப மெலிஞ்சு போயிருக்கும். இன்சுலின் ஆரம்பிச்சதும் இழந்த எடை திரும்ப வரும். டாக்டருக்கு அது நல்ல செய்தி. ஆனா வீட்டுக்கு வர்ற சித்தி என்ன சொல்வாங்க? "ஊசி போட ஆரம்பிச்சதும் நல்லா குண்டாயிட்டாளே!" 11 வயசுப் பொண்ணு இதைக் கேட்டுக்கிட்டு நிக்கும்.

அதோட ஒவ்வொரு வேளையும் கணக்கு. இட்லி எத்தனை, அதுல மாவுச்சத்து எவ்ளோ, அதுக்கு இன்சுலின் எவ்ளோ. டப்பா பின்னாடி இருக்கிற லேபிளைப் படிக்கணும். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாதுன்னு ஊரே அட்வைஸ் பண்ணும். சுகர் 70-க்குக் கீழ இறங்கிட்டா பசியே இல்லன்னாலும் உடனே இனிப்பு சாப்பிட்டாகணும். கை நடுங்குற அந்த நேரத்துல அளவு தெரியாது, சாப்பிட்டு முடிச்சதும் குற்ற உணர்ச்சி வரும். வேற யாராவது இப்படி நாள் முழுக்க சாப்பாட்டையே நினைச்சுக்கிட்டு இருந்தா, நாமளே "உனக்கு என்னமோ பிரச்சினை இருக்கு"ன்னு சொல்லுவோம். டைப் 1-ல அதுதான் "நல்ல பேஷன்ட்".

இப்படி வளர்றவங்கள்ல சிலர், இன்சுலினைக் குறைச்சா எடை குறையுதுன்னு கவனிச்சுடுறாங்க. உடம்புக்குள்ள நடக்கிறது என்னன்னு தெரிஞ்சுக்கணும். இன்சுலின் இல்லன்னா ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸ் செல்லுக்குள்ள போக முடியாது. சிறுநீர்ல தண்ணியோட சேர்ந்து வெளிய போகும். உடம்பு பட்டினியில இருக்கிறதா நினைச்சுக்கிட்டு கொழுப்பையும் தசையையும் எரிக்கும். கீட்டோன் சேரும், ரத்தம் அமிலமாகும். அதுக்குப் பேர் டயபெட்டிக் கீட்டோ அசிடோசிஸ், சுருக்கமா டிகேஏ. சில மணி நேரத்துல ஐசியூ, சில சமயம் மரணம். குறையுற எடையில தண்ணியும் தசையும் சேர்ந்துதான் போகுது. கூடவே கண்ணும் கிட்னியும் நரம்பும் கொஞ்சம் கொஞ்சமா போகும்.

இணையத்துல இதுக்கு "டயபுலிமியா"ன்னு ஒரு பேர் ஓடுது. அது அதிகாரபூர்வமான மருத்துவப் பேர் கிடையாது. டைப் 1 உள்ளவங்களுக்கு வர்ற உணவுச் சிக்கல்னு சொல்லி, ஆங்கில முதலெழுத்துகளை வச்சு "டி1டிஇ"ன்னு இப்போ கூப்பிடுறாங்க. இன்சுலினைத் தவிர்க்கிறது மட்டும் இதுல வராது. ரொம்பக் கம்மியா சாப்பிடுறது, கட்டுப்பாடே இல்லாம சாப்பிடுறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறது, சுகர் ஏறிடும்னு பயந்து அரிசியையே ஒதுக்குறது எல்லாம் சேரும். பொண்ணுங்ககிட்ட அதிகமா பார்த்திருக்காங்க, ஆனா பசங்களுக்கும் வருது.

நம்பர் என்ன சொல்லுது

1994-ல அமெரிக்காவுல வில்லியம் போலன்ஸ்கி குழு 341 பெண்கள்கிட்ட கேட்டாங்க. 31 சதவீதம் பேர் வேணும்னே இன்சுலினைத் தவிர்த்ததாச் சொன்னாங்க. எல்லாரும் எடைக்காகச் செய்யல. லோ ஆகிடுமோங்கிற பயம், சலிப்பு, இப்படியும் காரணங்கள் இருந்துச்சு.

2000-ல கனடாவுல, 12-லருந்து 19 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்களை வச்சு ஒரு ஆய்வு. டைப் 1 இருக்கிறவங்கள்ல 10 சதவீதம் பேருக்கு உணவுக் கோளாறு இருந்துச்சு. டைப் 1 இல்லாதவங்கள்ல 4 சதவீதம்.

பாஸ்டன்ல ஜோஸ்லின் மையத்துல ஆன் கோபல்-ஃபாப்ரி குழு 234 பெண்களை 11 வருஷம் கழிச்சு திரும்பிப் பார்த்தாங்க. 2008-ல வெளியான ஆய்வு. ஆரம்பத்துல இன்சுலினைக் குறைச்சுப் போட்டதா சொன்னவங்களுக்கு மரண அபாயம் 3.2 மடங்கு. இறந்தவங்கள்ல, குறைச்சுப் போட்டவங்களோட சராசரி வயசு 45. மத்தவங்களோடது 58. ஒரு 13 வருஷ வாழ்க்கை.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க பிரச்சினை"ன்னு கமெண்ட் வரும், தெரியும். 1990-கள்லயே சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் டி.என். சீனிவாசன், டி.ஆர். சுரேஷ், வசந்தா ஜெயராம் குழு 210 மருத்துவ மாணவர்கள்கிட்ட ஆய்வு பண்ணினாங்க. 31 பேருக்கு சாப்பாடு, எடை பத்தின மன உளைச்சல் இருந்துச்சு. முழு உணவுக் கோளாறுன்னு சொல்ற அளவுக்கு இல்ல, ஆனா சும்மா விடக் கூடியதும் இல்ல. அதுக்கு "ஈட்டிங் டிஸ்ட்ரெஸ்"னு பேர் வச்சாங்க. அவங்க சர்க்கரை நோயாளிகள் கிடையாது, சாதாரண மாணவர்கள். இன்ஸ்டாகிராம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி.

நம்ம ஊர்ல இது எப்படி ஒளிஞ்சிக்குது

நம்ம ஊர்ல விரதத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. சமயபுரம் மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறதா நம்புற ஊர் இது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும்தான் அந்த நாள்ல அம்மனுக்கே படைப்பாங்க. ஸ்ரீரங்கத்துல வைகுண்ட ஏகாதசி வந்தா பாதி ஊர் சாப்பிடாது. நான் விரதத்தைக் குறை சொல்ல வரல, எங்க வீட்லயும் இருக்காங்க. ஆனா "இன்னைக்கு எனக்கு விரதம்"னு ஒரு பொண்ணு சொன்னா யாரும் இரண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. சாப்பாட்டைப் பார்த்து பயப்படுற ஒருத்திக்கு அது நல்ல மறைவிடம்.

அடுத்தது கல்யாணம். "பொண்ணுக்கு சுகர்னு வெளிய சொல்லாதீங்க"ன்னு நிறைய வீட்ல ஒரு ரூல் இருக்கு. அப்போ ஊசியை ஒளிச்சுப் போடணும், வெளிய சாப்பிடும்போது போடாம விடணும். கூடவே "ஒல்லியா இருந்தாதான் வரன் அமையும்". ரெண்டு ரகசியமும் ஒரே பொண்ணு தலையில.

அப்புறம் நம்ம பாசமே சாப்பாடு வழியாத்தான் வரும். போன் எடுத்த உடனே "சாப்டியா?"தான். மத்தவங்களுக்கு அது "நல்லா இருக்கியா". டி1டிஇ-ல இருக்கிறவங்களுக்கு அது விசாரணை.

இப்போ என் ஃப்ரெண்டு பத்தி. அவ சம்மதத்தோடதான் சொல்றேன், பேர் வேண்டாம். காலேஜ்ல என்கூட படிச்சவ, இப்போ ஐடில இருக்கா. 11 வயசுல டைப் 1. காலேஜ் ஹாஸ்டல்ல ஆரம்பிச்சது, வேலைக்குப் போனதும் அதிகமாச்சு. ரெண்டு தடவை டிகேஏ-ல அட்மிட் ஆனா. ரெண்டு தடவையும் டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரே காரணம்: சரியா மருந்து எடுக்கல.

சுகர் டாக்டர் திட்டினார், "இப்படியே போனா கண்ணு போயிடும்". அவ என்கிட்ட சொன்னது, "கண்ணு போயிடும்னு எனக்குத் தெரியாதா டி? அதை நினைச்சு அழுதுட்டுதான் தூங்குவேன். ஆனா காலைல பென்னைக் கையில எடுத்தா குண்டாயிடுவேன்கிற பயம்தான் முதல்ல வரும்."

அப்புறம் ஒரு கவுன்சலர்கிட்ட போனா. அவங்க நல்லவங்க, பொறுமையா கேட்டாங்க. ஆனா இன்சுலின் பேச்சு வந்ததும் "அதை உங்க சுகர் டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. போதாததுக்கு, "சாப்பாட்டைக் கணக்கு பண்றதை விடுங்க, லேபிள் படிக்காதீங்க, மனசுக்குப் பிடிச்சதைச் சாப்பிடுங்க"ன்னு வேற சொன்னாங்க. உணவுக் கோளாறுக்கு வழக்கமா அப்படித்தான் சொல்வாங்க. ஆனா டைப் 1 இருக்கிறவ கணக்கு பண்ணாம எப்படி ஊசி போடுவா?

ஐடில இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். பக் ரெண்டு டீமுக்கு நடுவுல இருக்கு. முதல் டீம் "எங்க மாட்யூல் ஓகே"ன்னு டிக்கெட்டை அடுத்த டீமுக்குத் தள்ளும். அவங்க "ரீப்ரொட்யூஸ் ஆகல"ன்னு திருப்பி அனுப்புவாங்க. புரொடக்‌ஷன்ல சிஸ்டம் விழுந்துக்கிட்டே இருக்கும்.

அப்போ இதுக்கான தெரபி எப்படி இருக்கும்

ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுற சிகிச்சை எப்படி இருக்கும்னுதான் நான் நிறைய தேடிப் படிச்சேன். அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல் வேலை, பேர் வைக்கிறது. டைப் 1-க்குன்னே 16 கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கு, டெப்ஸ்-ஆர்னு பேர். நோயாளியே நிரப்பலாம். 20 மதிப்பெண்ணோ அதுக்கு மேலயோ வந்தா இன்னும் ஆழமா விசாரிக்கணும்னு அர்த்தம். அதை வச்சு மட்டும் நோய்னு முடிவு கட்ட மாட்டாங்க. சாதாரண உணவுக் கோளாறு படிவத்துல "சாப்பாட்டைப் பத்தி அடிக்கடி யோசிப்பீங்களா"ன்னு கேட்டா, டைப் 1 இருக்கிற எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. அதனாலதான் தனிப் படிவம்.

இரண்டாவது, முதல் இலக்கு நல்ல சுகர் ரிப்போர்ட் இல்ல. பாதுகாப்பு. டிகேஏ வராம இருக்க, நாள் முழுக்க வேலை செய்யுற நீண்ட நேர இன்சுலினை மட்டுமாவது விடாம போடுறது பெரும்பாலும் முதல் படியா இருக்கும். ரொம்ப நாள் அதிகமா இருந்த சுகரைத் தடாலடியா இறக்கினா கண்ணோட விழித்திரை பாதிப்பு தற்காலிகமா மோசமாகலாம், நரம்பு வலி கடுமையா வரலாம். அதனால எவ்ளோ வேகமா இறக்கணும்னு சுகர் டாக்டர்தான் முடிவு பண்ணணும். "நாளைல இருந்து எல்லாம் கரெக்டா போடுறேன்"னு வைராக்கியமா நீங்களே ஆரம்பிக்கிற விஷயம் கிடையாது இது.

மூணாவது, வீக்கம். இன்சுலினைத் திரும்ப ஆரம்பிக்கும்போது உடம்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். கால், முகம் உப்பும், எடை சட்டுனு ஏறும். பெரும்பாலும் சில வாரத்துல வடிஞ்சிடும். இதை முன்னாடியே சொல்லலன்னா என்ன ஆகும்? "பாத்தியா, ரெண்டே நாள்ல குண்டாயிட்டேன்"னு பயந்து மறுபடி நிறுத்திடுவாங்க. என் ஃப்ரெண்டு ஒரு தடவை இப்படித்தான் நிறுத்தினா. வீக்கம் வரும், அது கொழுப்பு இல்ல, தண்ணின்னு யாரும் அவகிட்ட சொல்லல.

அதே நேரம் தெரபிஸ்ட் பொய்யும் சொல்லக் கூடாது. இன்சுலினால எடையே ஏறாதுன்னு சொல்ல முடியாது. 1993-ல வெளியான டிசிசிடின்னு ஒரு பெரிய ஆய்வு, 1441 பேர் கலந்துக்கிட்டது. சுகரைத் தீவிரமா கட்டுப்படுத்தினா விழித்திரை பாதிப்பு வர்ற அபாயம் 76 சதவீதம் குறையுதுன்னு காட்டினது அதுதான். அதே ஆய்வுல அந்தக் குழுவுக்கு எடையும் கூடுதலா ஏறினது. அந்தப் பயத்துக்கு ஒரு நிஜமான அடிப்படை இருக்கு. அதை ஒத்துக்கிட்டு பேசுற தெரபிஸ்ட்டைத்தான் நோயாளி நம்புவாங்க.

நாலாவது, சங்கிலியைப் பிரிச்சுப் பார்க்கிறது. இங்கதான் சிபிடிங்கிற முறை வருது. எண்ணம், உணர்வு, செயல் மூணுக்கும் உள்ள தொடர்பை எழுதிப் பார்த்து மாத்துற சிகிச்சை. ஒரு உதாரணம் சொல்றேன். ராத்திரி 10 மணிக்கு சுகர் 320. உடனே வர்ற எண்ணம், "இன்னைக்கு நாள் போச்சு, நான் எதுக்கும் லாயக்கில்ல". அப்புறம் "போனது போச்சு"ன்னு ஃப்ரிட்ஜைத் திறக்கிறது. சாப்பிட்டு முடிச்சதும் குற்ற உணர்ச்சி. அதுக்கு இன்சுலின் போட்டா குண்டாயிடுவோம்னு பயம், போடாம விடுறது. காலைல இன்னும் அதிகம். இந்தச் சங்கிலியில எந்தக் கண்ணியை உடைக்கிறது சுலபம்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்பாங்க. பல பேருக்கு அந்த 320-ஐ மார்க் ஷீட்டா பார்க்காம தகவலா பார்க்கப் பழகுறதுதான் முதல் கண்ணி. "நல்ல சுகர், கெட்ட சுகர்"னு சொல்றதை விட்டு "அதிகம், கம்மி"ன்னு மட்டும் சொல்லப் பழகுவாங்க.

அஞ்சாவது, சாப்பாடு. வேளா வேளைக்குச் சாப்பிடுறது திரும்ப வரணும். காலைலயும் மத்தியானமும் பட்டினி கிடந்தா ராத்திரி கட்டுப்பாடு இல்லாம சாப்பிடுறது கிட்டத்தட்ட நிச்சயம். மாவுச்சத்துக் கணக்கை விடச் சொல்ல மாட்டாங்க. ஊசிக்காக மட்டும் கணக்கு, தண்டனைக்காக இல்லன்னு பிரிச்சு வைக்கச் சொல்வாங்க. லோ ஆகும்போது பயந்து பயந்து ஒதுக்கி வச்ச ஸ்வீட்டைப் பிரிக்கிறதுக்குப் பதிலா, குளுக்கோஸை மருந்து மாதிரி அளந்து எடுக்கிறது. இங்கெல்லாம் டயட்டீஷியனும் கூட இருக்கணும்.

ஆறாவது, வீடு. "ஊசி போட்டியா? எவ்ளோ காட்டுது? அதையா சாப்பிடுற?" வீட்லயே ஒரு போலீஸ் ஸ்டேஷன் ஓடும். பெத்தவங்க பயத்துல கேக்குறாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா பொய் சொல்ல வைக்கிறதும் அதே கேள்விதான். நோட்டுல கற்பனை நம்பர் எழுதுறது அங்கதான் ஆரம்பிக்கும். தெரபியில அம்மா அப்பாவையும் உட்கார வச்சு, யார் எதைக் கேக்கலாம், எப்போ கண்டிப்பா தலையிடணும்னு ஒரு ஒப்பந்தம் போடுவாங்க. என் ஃப்ரெண்டோட அம்மா இப்போ நம்பர் கேக்குறதில்ல. "இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?"ன்னுதான் கேக்குறாங்க. ஆனா வாந்தி வந்தா மட்டும் கீட்டோன் பார்த்தே ஆகணும், அதுல பேச்சுவார்த்தை கிடையாது. அது அவளே ஒத்துக்கிட்ட ரூல்.

இது வேலை செய்யுதா?

உண்மையைச் சொல்லணும்ல. 2017-ல லண்டன் ஆய்வாளர்கள் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தாங்க. வழக்கமான சிகிச்சைகளால மூணு மாச சராசரி சுகர் பெருசா குறைஞ்சதா தெரியல. உள்நோயாளியா வச்சு, ரெண்டு நோயையும் சேர்த்துப் பார்த்த சிகிச்சைதான் ஓரளவு நம்பிக்கை தர்ற மாதிரி இருந்துச்சு. அந்த வகையில ஜப்பான்ல கியூஷூ பல்கலைக்கழகத்து மசாட்டோ டகீ குழு முன்னோடி. டைப் 1-ம் புலிமியாவும் சேர்ந்து இருந்த ஒரு சின்னக் குழுவை ஆஸ்பத்திரியில வச்சு ஒருங்கிணைஞ்ச சிகிச்சை கொடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சும் முன்னேற்றம் நிலைச்சிருந்ததா 2003-ல எழுதினாங்க. அவங்களும் நம்மள மாதிரி சோறு சாப்பிடுற ஊர்தான்.

இங்கிலாந்துல 2019-ல லண்டன்லயும் பார்ன்மவுத் பக்கமும் அரசு மருத்துவ சேவையே ரெண்டு சோதனை மையம் ஆரம்பிச்சது. சுகர் டாக்டர், மனநல டாக்டர், சைக்காலஜிஸ்ட், டயட்டீஷியன், நர்ஸ் எல்லாரும் ஒரே டீம். அங்க லண்டன் கிங்ஸ் கல்லூரியில மரியட்டா ஸ்டாட்லர், கலிதா இஸ்மாயில் குழு டைப் 1 நோயாளிகளோட சேர்ந்தே இதுக்குன்னு தனியா ஒரு சிபிடி முறையை உருவாக்கினாங்க. முன்னாள் பிரதமர் தெரசா மே-க்கும் டைப் 1 இருக்கு. அவங்களும் ஜார்ஜ் ஹோவர்த்ங்கிற எம்பியும் தலைமை தாங்கின விசாரணை அறிக்கை 2024 ஜனவரியில வந்துச்சு. அதோட சாரம் ஒரே வரி: ரெண்டு சிகிச்சையும் ஒண்ணா நடக்கணும்.

திருச்சியில இருந்துக்கிட்டு என்ன பண்றது

சர்க்கரை விஷயத்துல தமிழ்நாடு பின்தங்கின ஊர் இல்ல. 1954-லயே சென்னை ராயபுரத்துல பேராசிரியர் எம். விசுவநாதன் ஆரம்பிச்ச மருத்துவமனை, பின்னாடி சர்க்கரை நோய்க்குன்னே மருத்துவமனையா மாறுச்சு. கோவையில இதயங்கள் அறக்கட்டளை டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் கொடுத்து உதவுது. மனநலத்துலயும் அப்படித்தான். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டுல முதல்ல வந்தது நம்ம திருச்சிக்குத்தான், 1997-ல. புத்தூர்ல மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்க பொது மருத்துவமும் இருக்கு, மனநலப் பிரிவும் இருக்கு. ரெண்டு பக்கமும் ஆள் இருக்காங்க. அவங்களைப் பேச வைக்கிற வேலைதான் மிச்சம்.

என் ஃப்ரெண்டுக்கு மாறினது அப்படித்தான். புதுசா பார்த்த ஒரு சுகர் டாக்டர், அவ சொன்னதைக் கேட்டுட்டு, "உங்க சைக்காலஜிஸ்ட் நம்பர் கொடுங்க, நானே பேசுறேன்"னார். அவ்ளோதான். சைக்காலஜிஸ்ட்டுக்கு எந்த நிலையில ஆபத்துன்னு அவர் எழுதிக் கொடுத்தார். அவங்க எந்த வார்த்தை சொன்னா இவ உடைஞ்சு போவான்னு அவருக்குச் சொன்னாங்க. கிளினிக்ல எடை பார்க்கும்போது இவ திரும்பி நின்னுக்கலாம், நம்பரைச் சத்தமா சொல்ல மாட்டாங்க. சின்ன விஷயம்தான். இப்போ ரெண்டு வருஷமா டிகேஏ இல்ல. குணமாயிடுச்சான்னு கேட்டா, "சில ராத்திரி இன்னும் கஷ்டம்தான்"னு சொல்றா.

நீங்க அந்த இடத்துல இருந்தா, டாக்டர்கிட்ட இப்படிக் கேட்டுப் பாருங்க: "நான் இன்சுலினை மறக்கல. எடை பயத்துல விடுறேன். இதுக்கு எனக்கு உதவி வேணும். என் மனநல டாக்டரோட நீங்க பேச முடியுமா?" வாயால சொல்ல முடியலன்னா போன்ல டைப் பண்ணிக் காட்டுங்க. கல்யாணம் ஆகாத பொண்ணா இருந்தா, அம்மாவை அஞ்சு நிமிஷம் வெளிய இருக்கச் சொல்லுங்கன்னு டாக்டர்கிட்ட கேக்கலாம். அதுல தப்பே இல்ல.

உடனே பேச ஆள் வேணும்னா 14416, டெலி மானஸ். தமிழ்ல பேசலாம், இலவசம். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச சேவை. அவங்க இன்சுலின் டோஸ் சொல்ல மாட்டாங்க, ஆனா மனசைக் கேட்டு எங்க போகணும்னு வழி சொல்வாங்க.

ஆபீஸ் போறவங்களுக்கு ஒரு தகவல். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 21-ஆம் பிரிவுப்படி, உடல் நோய்க்கு எப்படி இன்சூரன்ஸ் கொடுக்கிறாங்களோ, அதே அடிப்படையில மனநோய்க்கும் கொடுக்கணும். உங்க பாலிசி அட்மிஷனுக்கு மட்டுமா, வெளிநோயாளி செலவுக்கும் சேர்த்தான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. நிறைய கம்பெனியில இலவச கவுன்சலிங் செஷனும் இருக்கு, நாமதான் அந்த மெயிலைத் திறக்கிறதில்ல.

ஃப்ரெண்ட்ஸா, ரூம்மேட்டா இருக்கிறவங்களுக்கு: டைப் 1 இருக்கிற ஒருத்தருக்கு வாந்தி, வயித்து வலி, வேகமா ஆழமா மூச்சு வாங்குறது, வாயில பழ வாசனை, தூக்கக் கலக்கம் இதெல்லாம் வந்தா ஃபுட் பாய்சன்னு நினைச்சு தூங்க விடாதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க, "டைப் 1"ன்னு முதல் வரியிலேயே சொல்லுங்க. ஏன் ஊசி போடலன்னு அன்னைக்குக் கேக்காதீங்க. அதுக்கு வேற நாள் இருக்கு.

மத்தபடி அவங்க உடம்பைப் பத்தி எதுவும் சொல்லாம இருந்தாலே பாதி உதவி. "இளைச்சிட்டியே, சூப்பர்"ங்கிறதும் வேண்டாம். அந்த இளைப்பு எதனால வந்துச்சுன்னு நமக்குத் தெரியாது.

இவ்ளோதான் இன்னைக்கு. நீங்க டைப் 1-ஓட வாழ்றவங்களா, இல்ல சுகர் கிளினிக்லயோ மனநலத்துலயோ வேலை செய்யுறவங்களா இருந்தா, உங்க அனுபவத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம்னா சொல்ல மாட்டேன். அடுத்த எபிசோடுல ஒரு டயட்டீஷியனைக் கூப்பிட்டு, இட்லி தோசைக்கு மாவுச்சத்துக் கணக்கு எப்படிப் போடுறதுன்னு பேசலாம்னு இருக்கேன். அதுக்கான கேள்விகளையும் அனுப்பி வைங்க.